கடிவாளம் நெகிழும் கணம்

துளசி விவாகம் கழிந்து முகூர்த்த காலம் பிறந்துவிட்டால், காட்கோபர் கிழக்கில் நாங்கள் வசிக்கும் வீதியில் மாலை ஆறு மணிக்குமேல் வாகனம் எதுவும் நகர்வது அரிது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் கத்தியவாரிலிருந்து வந்து இந்தப் புறநகரைத் தம் ஊராக்கிக்கொண்ட குஜராத்திக் குடும்பங்களின் மாப்பிள்ளை ஊர்வலம் அப்போதுதான் புறப்படும். டோல் முழங்க, பித்தளைக் குழல்கள் சினிமாப் பாட்டை அலற, விளக்குத் தண்டுகளைச் சுமந்த கூலியாட்கள் இருமருங்கும் நடக்க, நடுவே சரிகைச் சேணத்தின்மேல் முகத்தில் பூச்சரம் தொங்க மணமகன் வீற்றிருப்பான். காண்பவர் கண்ணெல்லாம் மணமகன்மேல் இருக்கும். எஞ்சியது நடுவீதியில் ஆடுகின்ற மாமன்மார் மேல் இருக்கும். எனக்கோ, பல ஆண்டுகளாக மாடியிலிருந்து இந்த ஊர்வலங்களைப் பார்த்துப் பார்த்து, அவனைச் சுமந்து வருகிற வெள்ளைப் பெண்குதிரையின் காதுகளைத் தவிர வேறொன்றிலும் பார்வை செல்லாத ஒருவகைப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஐந்தடி தூரத்தில் டோல் அதிர்கிறது. காலடியில் யாரோ சரவெடி கொளுத்துகிறார்கள். குழந்தை ஒன்று வாலைப் பிடித்து இழுக்கிறது. குதிரை அசையாமல் நிற்கிறது. "எவ்வளவு சாது!" என்று பெண்கள் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பயந்து ஓடுவதையே பிழைப்பின் உபாயமாகக் கொண்டு பல லட்சம் ஆண்டுகள் புல்வெளியில் வாழ்ந்த ஒரு பிராணி இப்படி நிற்பது எங்ஙனம்? அது கற்றுக்கொண்ட சாந்தமா, அல்லது இனி ஓடிப் பயனில்லை என்று கண்டுகொண்ட சரணாகதியா? வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் குதிரைக்குச் சிட்சை கொடுக்கும் கலை முழுவதும் இவ்விரண்டையும் பிரித்தறிவதிலேதான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அன்பு, மரியாதை என்றெல்லாம் இந்த விஷயத்தில் பேசுகிறவர்கள் பலர். குதிரையின் இந்திரியங்கள் எத்தகையவை என்று விசாரித்தவர்கள் சிலரே. விசாரியாத அன்பினால் ஒரு பிராணிக்கு விளையும் தீங்கு, பகையினால் விளைவதைவிடக் குறைந்ததாக நான் கண்டதில்லை.

முதலில் காதையே எடுத்துக்கொள்வோம். கத்தியவாரிக் குதிரையின் காதுகள் உள்நோக்கி வளைந்து, நுனியோடு நுனி தொடுகிற அழகு உடையவை. அதன் உறவான மார்வாரிக் குதிரைக்கும் இது குலச்சின்னம். எந்தச் சாதிக் குதிரையானாலும், ஒரு காது முன்னே பார்க்க மற்றொன்று பின்னே பார்க்குமாறு தனித்தனியே திருப்பிக்கொள்ள வல்லது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகளுக்குமேல் கேளாது. குதிரையின் செவியோ 33,000 வரையிற் கேட்கும். நமக்குப் புலப்படாத மின்கருவிக் கீச்சுகளும் உலோக உரசல்களும் அதற்குப் புலப்படும் என்பது இதன் பொருள். காது எங்கே திரும்பியிருக்கிறதோ அங்கேதான் குதிரையின் கவனம் இருக்கிறது. முகத்தில் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தன் சிந்தையை எழுதி வைத்திருக்கும் பிராணி வேறு உண்டா என்பது சந்தேகமே.

கண்ணின் கதை இன்னும் விசித்திரமானது. நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண் குதிரைக்கே உரியது. அக்கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை வரையில் அது பார்க்கும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டுதான்: நேர் பின்புறமும், நெற்றிக்கு நேர் எதிரே சிறிது தூரமும். நாமோ, அன்பு மேலிட்டவுடன், நேராக முன்னே சென்று நெற்றியைத்தான் தடவப் போகிறோம். காணாத இடத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்தால் அது தலையை உதறுகிறது. உதறினால் "திமிர் பிடித்தது" என்று பெயர் வைக்கிறோம். ஒளியிலிருந்து இருளுக்குப் போகும்போது அதன் கண் பழக, நம் கண்ணைவிட அதிக நேரம் வேண்டும். ஊர்வலத்து விளக்குகளின் பேரொளியிலிருந்து மண்டபத்து வாசலின் நிழலுக்குள் அடி வைக்கத் தயங்குகிற குதிரையைச் சண்டிக்குதிரை என்று அடிப்பவன், தன் கண்ணை அதன் முகத்தில் வைத்துப் பார்க்கத் தெரியாதவன்.

தோலைப்பற்றி நெடுங்காலம் ஒரு பொய் வழங்கி வந்தது: குதிரைத்தோல் தடித்தது, சவுக்கடி அதற்கு உறைக்காது என்பது. ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை ஓட்டுகிற பிராணிக்கு ஸ்பரிச உணர்ச்சி குறைவு என்று சொல்ல எவ்வாறு துணிந்தார்களோ! 2020-ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் குதிரைத்தோலையும் மனிதத்தோலையும் நுண்நோக்கியில் ஒப்பிட்டு, மேற்றோலில் நோவறியும் நரம்பு முனைகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று கண்டார்கள். இங்கிருந்து சில மைல் தொலைவில், 1883 முதல் மகாலட்சுமியில் நடந்து வருகிற பந்தயங்களில் சவுக்கு ஓங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண்டுபிடிப்பு என் நினைவுக்கு வருகிறது.

இனிச் சிட்சையின் தத்துவத்துக்கு வருவோம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நம்மவர்கள் சொல்லும் பழமொழி, மனிதனைப் பழிக்கப் பிறந்ததானாலும், குதிரையைப்பற்றிய வரையில் அது முழுச் சாஸ்திரம். இனியதை நாடுவதும் இன்னாததைத் தவிர்ப்பதும் ஆகிய இரண்டு வழிகளால்தான் அது எதையும் கற்கிறது. இவற்றுள் கொள்ளின் வழி எளிதில் விளங்கும். கடிவாளத்தின் வழியைப் புரிந்துகொண்டவர் மிகச் சிலர்.

கடிவாளத்தின் இரும்பு, குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப்பற்களுக்கும் இடையே பல்லில்லாத வெற்று ஈற்றின்மேல் கிடக்கிறது. எலும்பின்மேல் மெல்லிய சதை போர்த்த இடம் அது. வாரை இழுத்தால் அங்கே நெருக்குதல் உண்டாகும். குதிரை நிற்கிறது. நின்ற அந்தக் கணத்திலே கை நெகிழ்ந்துவிட்டால், "நிற்றல் நெருக்குதலை நீக்கும்" என்று அதன் உள்ளத்தில் பதிகிறது. ஒன்றிரண்டு விநாடி தாமதித்து நெகிழ்ந்தாலோ, அதற்குள் அது தலையை ஆட்டியிருக்கும், பின்வாங்கியிருக்கும், வாயைப் பிளந்திருக்கும். எந்தச் செயலின் முடிவில் நிம்மதி கிட்டியதோ அந்தச் செயலையே அது பாடமாகக் கொள்ளும். நெகிழவே நெகிழாத கையோ ஒன்றையும் கற்பிப்பதில்லை. ஈற்றை மரக்கச் செய்கிறது, அவ்வளவே. பிறகு இன்னும் கூரிய இரும்பைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். முட்கள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டின் பார வண்டிப் பிராணிகள் வதைத் தடுப்பு விதிகள் நம் நாட்டில் விலக்கியிருக்கின்றன. ஆயினும் விதி விலக்கிய பொருள் வீதியை விட்டு முற்றும் விலகிவிட்டதென்று சொல்வதற்கில்லை. அந்த முள் எப்படிப் பிறந்தது என்று விசாரித்தால், எங்கோ ஒருவன் தக்க தருணத்தில் கையை நெகிழ்க்க மறந்ததில் போய் முடியும்.

ஆகவே குதிரைக்குப் பாடம் சொல்வது நெருக்குதல் நீங்கும் நேரமே. இதை அறிந்த பாகன் மிகக் குறைந்த நெருக்குதலில் தொடங்குகிறான். விரலின் அசைவு போதாவிட்டால்தான் மணிக்கட்டு, அதுவும் போதாவிட்டால்தான் முழங்கை. விடை கிடைத்ததும் விட்டுவிடுகிறான். சில நாட்களில் விரல் அசைவதற்கு முன்னமே, அசையப்போகிறது என்ற குறிப்பிலேயே குதிரை நின்றுவிடும். பார்ப்பவர் அதை மந்திரம் என்பார். ஒரு சமயத்தில் ஒரே ஒரு விடையைத்தான் கேட்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். காலால் "போ" என்றும் கையால் "நில்" என்றும் ஒரே நேரத்தில் சொல்லுகிறவன் எந்த விடையை எதிர்பார்க்கிறான்? நம் அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட மேலதிகாரிகள் உண்டு. அங்கே ஊழியர்கள் எவ்வாறு ஆகிறார்களோ அவ்வாறே குதிரைகளும் ஆகின்றன.

மூக்குவாரின் விஷயமும் இங்கே சொல்லத்தக்கது. குதிரை வாயால் மூச்சுவிட இயலாத பிராணி. அதற்கு நாசி ஒன்றே வழி. நோவினால் வாயைப் பிளக்கிற குதிரையைப் பார்க்க அழகில்லை என்று, மூக்குக்குமேல் வாரை இறுகக் கட்டி வாயை மூடிவிடும் வழக்கம் மேல்நாட்டுப் போட்டிக் களங்களில் பரவியிருந்தது. வாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரண்டு விரல் நுழையவேண்டும் என்பது பழைய குதிரைக்காரர்களின் பிரமாணம். இறுக்கம் மிஞ்சியபின், அதை அளக்கக் கருவி செய்யவேண்டிய நிலை வந்தது. வாய் பேசுவதைக் கேட்க விரும்பாதவன் வாயைக் கட்டுகிறான். ஸ்ரீரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்கும் கற்குதிரைகளை எத்தனையோ முறை வியந்து பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவற்றின்முன் நின்றால், வீரத்துக்கு முன்னே வாயைத்தான் கவனிக்கிறேன்.

இந்த இடத்தில் நம் முன்னோரைப்பற்றி ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டியிருக்கிறது. குதிரை நம் நாட்டின் மண்ணில் விளைந்த பிராணியன்று, கடல்வழியே வந்தது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டுத் திருப்பெருந்துறையில் ஆண்டவனைக் கண்ட வரலாற்றையும், நரி பரியாகிப் பரி நரியான திருவிளையாடலையும் அறியாத தமிழர் இல்லை. அக்கதையின் பின்னே நிற்கும் வாணிகம் எவ்வளவு பெரியது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும், அவருக்குச் சற்றுப் பிற்பட்ட பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதி வைத்திருக்கிறார்கள். மாபார் என்று அவர்கள் அழைத்த பாண்டி நாட்டுக்கும் அதை அடுத்த துறைகளுக்கும் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் வந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் வஸ்ஸாஃப் கணக்குச் சொல்கிறார். நாட்டை ஆண்ட ஐந்து சகோதரர்களில் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ.

இவ்வளவும் எங்கே போயின? போரிலன்று, லாயத்தில். இறைச்சி கலந்த சோற்றைக் குதிரைக்குத் தின்னக் கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதுகிறார். வெண்ணெயிட்ட வறுத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்கள் என்று மற்றவர் எழுதுகிறார். நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு எவ்வித அப்பியாசமும் இன்றி, அங்கவடிகூட இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டினார்களாம். குதிரை வைத்தியம் தெரிந்தவர் எவரும் இங்கே வராதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றும் போலோ சொல்கிறார். குதிரை சாகச் சாகத்தானே வாணிகம் வளரும்! அயலார் எழுதியதில் மிகை இருக்கலாம். ஆனால் அந்தச் சோற்றையும் பாலையும் நினைத்துப் பாருங்கள்: பாண்டியன் தன் குதிரையை வெறுத்தவனல்லன். தன் வீட்டில் உயர்ந்தது எதுவோ அதையே அதற்கு ஊட்டினான். நாளெல்லாம் சிறிது சிறிதாகப் புல் மேயவும் ஓயாமல் நடக்கவும் அமைந்த குடலுக்கு அந்த விருந்து நஞ்சாயிற்று. மேலே நான் சொன்ன விசாரியாத அன்புக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டுமா?

சாஸ்திரம் நம் நாட்டில் இல்லாமலும் இல்லை. சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் வழங்கும் அசுவ சாஸ்திரங்கள் உண்டு. அவற்றுள் நகுலன் பெயரால் வழங்குவதைத் தஞ்சைச் சரஸ்வதி மகால் நூலகத்தார் 1952-ல் வண்ணச் சித்திரங்களோடு பதிப்பித்தனர். நம் தமிழ் நிகண்டுகள் குதிரையின் நடைகளுக்கு மயூரகதி, வானரகதி என்றெல்லாம் பெயர் வகுத்து வைத்திருக்கின்றன. குதிரைப்பாகனுக்கு வாதுவன் என்ற அழகிய சொல்லும் இருக்கிறது. இன்னும் பழைய நூல் வேண்டுமானால் துருக்கியில் ஹட்டூசாவின் இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகைகளைச் சொல்லவேண்டும். மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், மித்தானி நாட்டினனான கிக்குலி என்ற குதிரைப் பயிற்சியாளன் தேர்க்குதிரைகளுக்கு இருநூறு நாட்களுக்கும் மேற்பட்ட பயிற்சியை, இத்தனை தூரம் ஓட்டுக, இவ்வளவு தீனி இடுக, எப்போது நீராட்டுக என்று நாள்வாரியாக எழுதுவித்திருக்கிறான். அவன் கையாண்ட சுற்றுக்களின் பெயர்கள் ஐக வர்த்தன, தேர வர்த்தன, பன்ஸ வர்த்தன என்று போகின்றன. ஏகம், திரி, பஞ்சம் என்ற எண்ணுப்பெயர்கள் நம் காதுக்கு அங்கே பிரத்தியட்சமாகக் கேட்கின்றன. ஏட்டில் இருந்த அறிவு லாயத்துக்கு இறங்காமற் போனதே நம் பாண்டியனின் துர்ப்பாக்கியம். நம்மவர் மனம் ஒருவேளை அய்யனார் கோயிலின் மண்குதிரையோடு திருப்தியடைந்துவிட்டது. அதற்குத் தீனியும் வேண்டாம், கடிவாளத்தின் நுட்பமும் வேண்டாம்.

குதிரை நம்மைப் படிக்கிற அளவுக்கு நாம் அதைப் படிக்கவில்லை என்பதற்குப் பெர்லின் நகரத்துக் கதை ஒன்று சாட்சி. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற பள்ளி ஆசிரியர் தம் குதிரை ஹான்ஸுக்குக் கணக்குக் கற்பித்துவிட்டதாகச் சொன்னார். ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் அது குளம்பால் பன்னிரண்டு முறை தட்டும். 1904-ல் அறிஞர் குழு ஒன்று பார்த்து, மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. பின்னர் ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையோடு பரீட்சித்து, கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரிவதில்லை என்று கண்டு, 1907-ல் வெளியிட்டார். சரியான எண் நெருங்கும்போது கேட்பவர் தம்மையறியாமல் தலையை மயிரிழை அளவு உயர்த்துகிறார். அதைக் கண்டு ஹான்ஸ் தட்டுவதை நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பதோடு உலகம் கதையை முடித்துக்கொண்டது. எனக்கு வியப்பு அங்கேதான் தொடங்குகிறது: அத்தனை அறிஞர்களுக்கும் புலப்படாத அசைவு அந்தக் குதிரைக்குப் புலப்பட்டதே! சினந்த மனித முகத்தின் படத்தைக் காட்டினால் குதிரை அதை இடக்கண்ணாலேயே அதிகமாக நோக்குகிறது என்றும், அதன் இதயத்துடிப்பு விரைவில் ஏறுகிறது என்றும் 2016-ல் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் கண்டனர். கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத்து ஸெனஃபன் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியதை நீதிவாக்கியமாக எண்ணியிருந்தோம். அது உடற்கூற்று உண்மையும் ஆகிவிட்டது.

இதன் மறுபுறமும் உண்டு. குதிரையோடு பேசுகிறேன், அதன் நம்பிக்கையை வென்றேன் என்று சொல்லும் இனிய உபதேசிகள் இக்காலத்தில் பெருகியிருக்கிறார்கள். அவர்களுள் பெயர் பெற்றவர் அமெரிக்கரான மான்ட்டி ராபர்ட்ஸ். 1989-ல் விண்ட்ஸர் அரண்மனையில் எலிசபெத் அரசியின் முன்னிலையில் தம் வித்தையைக் காட்டியவர். வட்டமான அடைப்புக்குள் குதிரையைத் தம் பார்வையாலும் தோள்நிலையாலும் விலக்கி ஓடச் செய்வார். அது காதைத் தம்பக்கம் திருப்பி, வாயை மென்று, தலையைத் தாழ்த்தும்போது தாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குதிரை பின்னாலேயே வந்து தோளருகில் நிற்கும். காண்பவர் கண்ணீர் விடுவதுண்டு. சவுக்கால் அடக்கும் பழைய முரட்டு முறையோடு ஒப்பிட, இது எவ்வளவோ மேல். ஆனால் 2012-ல் சிட்னி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். மனிதனுக்குப் பதிலாகத் தூரத்திலிருந்து இயக்கும் பொம்மைக் கார் ஒன்றை அடைப்புக்குள் விட்டார்கள். குதிரை விலகினால் கார் துரத்தும். அதன் பக்கம் திரும்பினால் நின்றுவிடும். குதிரைகள் காரின் பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டன. பொம்மைக் காரிடத்தில் அவற்றுக்கு என்ன பக்தி இருந்திருக்கமுடியும்? துரத்தல் நின்ற கணமே ஆசிரியன். மேலே கடிவாளத்தைக்கொண்டு சொன்ன அதே தத்துவம். இதைச் சொல்வதால் ராபர்ட்ஸின் கைத்திறம் குறைந்துவிடாது. தன் செயலுக்குத் தானே மயங்கி "அது என்னை நேசிக்கிறது" என்று எண்ணத் தொடங்குகிறவன், நாளை அது மறுத்தால் துரோகம் என்று கருதுவான். அதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

மீண்டும் நம் வெள்ளைக்குதிரையிடம் வருகிறேன். ஓசைக்கு அதைப் பழக்க வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, சிறிது சிறிதாக: தொலைவில் ஒரு டோல், மெதுவாக, குதிரை காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மீண்டும் புல்லில் வாய் வைத்தபின் ஓரடி அருகே, அது நடுங்கினால் ஓரடி பின்னே. காலம் பிடிக்கும், பொறுமை பிடிக்கும், அதனாலேயே பணமும் பிடிக்கும். நகரக் காவலுக்குக் குதிரைகளைப் பழக்குபவர்களுக்கும் இதுவே வழி. 1932-ல் கலைக்கப்பட்ட பம்பாய்க் குதிரைப் போலீஸை 88 ஆண்டுகளுக்குப்பின் 2020-ல் மீண்டும் நிறுவியபோது, இந்நகரத்து ஆரவாரத்தில் நிற்கக் குதிரைகளைத் தயார் செய்வதே பெரிய காரியமாயிருந்திருக்கும். மற்றொரு வழி, கட்டிப்போட்டு ஒரே நாளில் எல்லா ஓசையையும் அதன்மேல் கொட்டுவது. குதிரை துள்ளும், வியர்க்கும், கயிற்றை இழுக்கும், முடிவில் நின்றுவிடும். நின்றவுடன் பழகிவிட்டது என்று கூலி வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

இரண்டாவது வழியில் நின்ற குதிரை எதைக் கற்றது? 1967-ல் அமெரிக்காவில் ஸெலிக்மனும் மையரும் நாய்களைக்கொண்டு செய்த கொடிய பரீட்சை ஒன்று இதற்கு விடை தருகிறது. தப்ப வழியே இல்லாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பின்னர் வழி திறந்திருந்தபோதும் தப்ப முயலாமற் படுத்துக்கிடந்தன. தன் செயலால் எதுவும் மாறாது என்பதும் ஒரு பாடமே. பாடங்களில் அதுவே கடைசி. அந்த நிலையிலுள்ள குதிரை காதைத் திருப்பாது, பக்கவாட்டில் தொங்கவிட்டிருக்கும். கண் திறந்திருக்கும், எதையும் தொடராது. பெயர் சொல்லி அழைத்தாலும், கொள்ளை நீட்டினாலும், முன்போல் மூக்கு வராது. நோவுள்ள குதிரையின் முகத்தைப் படிக்க 2014-ல் ஆராய்ச்சியாளர் ஆறு குறிகளைக்கொண்ட ஓர் அளவுகோல் வகுத்தனர். விறைத்துப் பின்வாங்கிய காதே அதில் முதற்குறி.

எனவே சாந்தத்தையும் சரணாகதியையும் பிரிப்பது ஒரே ஒரு கேள்வி: குதிரைக்கு "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறதா? நார்வே நாட்டில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒன்றைத் தொட்டால் குளிர்ப்போர்வை போர்த்தப்படும். ஒன்றைத் தொட்டால் எடுக்கப்படும். மூன்றாவதைத் தொட்டால் உள்ளபடியே விடப்படும். இரண்டு வாரத்துக்குள் அத்தனை குதிரைகளும் கற்றன. மழையும் குளிருமான நாளில் போர்வை கேட்டன, வெயில் நாளில் மறுத்தன. கேள்வி கேட்கப்பட்டபின் அவை மனிதரிடம் காட்டிய உற்சாகம் பார்த்தவரை வியப்பில் ஆழ்த்தியது. இந்தச் செய்தியை நான் வாசித்த அன்று வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நாலாயிரத்து இருநூறு ஆண்டுகளாக, வோல்கா தோன் நதிகளின் புல்வெளியில் இன்றைய குதிரையின் முன்னோரைப் பழக்கிய நாளிலிருந்து, இந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு 2016 வரை ஆயிற்றே!

பம்பாய் நகரம் குதிரையிடம் எதையும் கேட்காமலே வளர்ந்த நகரம். 1874 மே 9-ஆம் நாள் கொலாபாவிலிருந்து பைதோனிக்கு முதல் டிராம் ஓடியபோது அதை இழுத்தவை குதிரைகள். அந்தக் கம்பெனியின் லாயத்தில் 900 குதிரைகள் இருந்தன. 1905-ல் அவை ஓய்ந்தன; 1907-ல் மின்சாரம் வந்தது. விக்டோரியா வண்டிகள் மட்டும் நூற்றாண்டு கடந்து இழுபட்டு, 2015 ஜூனில் உயர்நீதிமன்றம் சவாரி வண்டிகளும் அவற்றின் லாயங்களும் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தபின் மறைந்தன. பிறகு அதே வீதியில் பாட்டரி விக்டோரியா வந்தது. காலா கோடா சதுக்கத்திலிருந்து எட்வர்டு மன்னரின் குதிரைச் சிலையை 1965-ல் பைகுல்லாவுக்குக் கொண்டுபோனார்கள். 2017-ல் அந்த இடத்தில் புதிய கருங்குதிரையை நிறுத்தினார்கள். அதன் முதுகில் மன்னரும் இல்லை, வேறு எவரும் இல்லை. மோட்டார் கார் புகாத மாத்தேரானில் மாத்திரம் குதிரை இன்னும் அன்றாடத் தேவை. காட்கோபரில் கர்ஜத் வண்டி ஏறி நேரலில் இறங்கி மலையேறினால், ஒரு லாயத்தில் தலைமேல் தடவாமல் தோளருகே கை வைத்துக் குதிரையை வரவேற்கிறவனையும், அடுத்த லாயத்தில் வாயை வெட்டி இழுக்கிறவனையும் ஒரே காலையிற் பார்க்கலாம்.

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, கீழே ஊர்வலம் கூடிக்கொண்டிருக்கையில், மாடியிலிருந்து இறங்கிக் குதிரையின் அருகே போய் நின்றேன். அதை நடத்துபவன் உத்தரப் பிரதேசத்து இளைஞன், இருபத்தைந்து வயதிருக்கும். டோல்காரர்கள் தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, குதிரையின் இடப்பக்கம் தோளருகே நின்று, கழுத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மெதுவாக ஒரு காதை அடைத்தான். குதிரை தலையை விலக்கியது. அவன் கையை எடுத்துக்கொண்டு சும்மா நின்றான். தலை தானாகத் திரும்பி வந்தபிறகு மீண்டும் வைத்தான். எதற்கு என்று கேட்டேன். "எல்லாரும் இவளுக்குக் காது கேட்காது என்று நினைக்கிறார்கள், அண்ணா. இவளுக்கு எல்லாம் கேட்கும்" என்றான் பம்பாய் இந்தியில். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவனா என்றுகூட எனக்குத் தெரியாது. மேலே நான் எழுதிய நூலறிவு முழுவதையும் அவன் அந்த ஒரு கைவிலகலில் எனக்குக் காட்டிவிட்டான்.

இரவு பதினொரு மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் அவனை மறுபடி பார்த்தேன். சரிகைச் சேணம் தரையில் கிடந்தது. கடிவாள இரும்பை வாயிலிருந்து கழற்றியிருந்தான். இடக்காதுப் பஞ்சை உருவினான், பிறகு வலக்காது. குதிரை தலையை ஒரு முறை உதறியது. காதுகள் இரண்டும் நிமிர்ந்து, ஒன்றையொன்று நுனியில் தொட்டன. நிலையத்தில் தாணே வண்டி புறப்படும் ஓசை கேட்டது. வலக்காது அந்தப் பக்கம் திரும்பி, வண்டி போய் மறையும்வரை அங்கேயே நின்றது. இடக்காது அவன் கையிலிருந்த கொள்ளுப் பையின் பக்கம் இருந்தது.